மிச்சத் துணியில் எழுந்த காளி

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டும் வழக்கம், பழைய துறைமுகமான கொற்கையின் கரையில் ஆட்ட உடை உருவான நீண்ட வரலாற்றின் இன்றைய முனை. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும், குலசை என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தச் சிற்றூரில் ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரியை ஒட்டிப் பத்து நாள் திருவிழா நடக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் காளியாகவும் சிவனாகவும் அனுமனாகவும் கரடியாகவும் பிச்சைக்காரராகவும் வேடமிட்டு ஊர் ஊராக ஆடிக் காணிக்கை சேர்க்கிறார்கள். அந்த உடைகளில் பெரும்பகுதி வீட்டுத் திண்ணையிலும் தெருமுனைத் தையல்கடையிலும் உருவானவை. பழம்புடவை, அட்டைப்பெட்டி, சணல், ஜிகினாத் தாள், தையல்காரர் ஒதுக்கிய வெட்டுத்துணி ஆகியவையே அவற்றின் மூலப்பொருள். கடையில் வேடம் வாங்கும் பழக்கம் பிற்பாடு வந்தது. இந்தக் கரையில் ஆடுகிறவரின் உடை மிகப் பெரும்பாலும் ஊர்த்தொழிலில் மிஞ்சியதிலிருந்தே பிறந்திருக்கிறது. விலையுயர்ந்த பொருள் எல்லாக் காலத்திலும் கப்பலேறிப் போய்விட்டது.

சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் தழையுடை உடுத்துகிறார்கள். ஆம்பல், நெய்தல் போன்ற நீர்ப்பூக்களையும் இளந்தளிர்களையும் நாரில் தொடுத்து இடையில் சுற்றிக்கொள்வது அது. கடற்கரை மணலில் குரவைக் கூத்துக்குக் கைகோத்து நிற்பவர்களின் உடையும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். தலைவன் தலைவிக்குக் கையுறையாக, அதாவது அன்பளிப்பாக, கொண்டுவரும் பொருள்களில் தழை அடிக்கடி வருகிறது. வாடிவிடும் உடை என்பதால் விழாவுக்கு விழா புதிதாகத் தொடுக்க வேண்டும். அதைச் சேமிக்கவோ விற்கவோ முடியாது. கழியோரத்தில் இலவசமாகக் கிடைத்ததைக் கொண்டு அன்றன்றைக்குச் செய்துகொண்ட உடை என்ற அளவில், பின்னால் வந்த வேடங்கள் எல்லாவற்றுக்கும் அது மூத்தது.

அதே காலத்துக் கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். ‘பெரிப்ளுஸ்’ என்ற கிரேக்கக் கடற்பயண நூல் அதைக் கொல்கொய் என்று குறிப்பிட்டு, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளை முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தினார்கள் என்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிவிட்டது. இன்றைய கொற்கை கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஏரல் பக்கம் கிடக்கும் சிற்றூர். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69-ல் அங்கே அகழாய்வு செய்தது. கிடைத்த கரிமாதிரி ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. அங்கு கிடைத்தவற்றில் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது முத்து இல்லை, அறுத்த சங்கு. ஒரு சங்கிலிருந்து வளையல்களை அறுத்தெடுத்த பிறகு நுனியும் அடியும் நடுத்தண்டும் மிஞ்சும். வளை அறுக்கும் பட்டறை எங்கிருந்தாலும் இந்த மிச்சம் மோதிரமாகவும் மணியாகவும் மாறுவது வழக்கம். நல்ல வளை வியாபாரிக்குப் போக, சிறுமணி உள்ளூர்க் கழுத்துக்கு வந்தது.

முத்து எங்கே போனது என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கடலாடு காதையில் மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் இடத்தில் அணிகலன்களின் பட்டியல் ஒன்று நீளமாக வருகிறது. அவள் இடையில் கிடப்பது முப்பத்திரண்டு கோவை முத்து மேகலை. கொற்கைத் துறையில் மூச்சடக்கி எடுத்த முத்துக்குப் புகாரின் ஆடல்மகள் இடையே உரிய இடமாக இருந்தது.

அதே காப்பியத்தின் வேட்டுவ வரியில் இன்னொரு பெண் அலங்கரிக்கப்படுகிறாள். மதுரை செல்லும் வழியில் பாலை நிலத்து எயினர் தங்கள் குலத்துக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஆக்குகிறார்கள். கூந்தலை நெடுமுடியாகக் கட்டி அதில் சிறு வெண்பாம்பு போன்ற நாணைச் சுற்றுகிறார்கள். தோட்டத்தை அழித்த பன்றியின் வளைந்த கொம்பைப் பிடுங்கிப் பிறைநிலவாகச் செருகுகிறார்கள். புலியின் பல்லைக் கோத்துத் தாலி, அதன் தோலை உடுத்தி மேகலை, கையில் ஒரு வில். அத்தனையும் வேட்டையின் மிச்சம். இறைச்சி போக எஞ்சிய கொம்பும் பல்லும் தோலும் ஒரு பெண்ணைத் தெய்வமாக்கிவிடுகின்றன. தமிழில் வேடம் கட்டும் முறையை உறுப்பு உறுப்பாகச் சொல்லும் பழைய இடம் இது. முடியில் தொடங்கிப் பிறை, கழுத்து, இடை, ஆயுதம் என்று இறங்கும் இந்த வரிசை இன்றைய குலசைக் காளி வேடத்தை நினைவூட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் அறுபடாத மரபு ஓடுகிறது என்று அடித்துச் சொல்ல இது போதாது. ஆனால் கையில் கிடைத்ததைக் கொண்டு அம்மனைக் கட்டி எழுப்பும் எண்ணம் எவ்வளவு பழையது என்பது தெரிகிறது.

கொற்கை தூர்ந்த பிறகு துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மாபார் என்று அவர் அழைத்த இந்த நாடு முழுவதும் சட்டை வெட்டித் தைக்கத் தையல்காரர் ஒருவரும் இல்லை, அரசன்கூட இடையில் ஒரு துணியோடுதான் இருக்கிறான் என்று வியந்து எழுதினார். அந்த அரசன் கழுத்திலோ முத்தும் மாணிக்கமுமாக 104 மணி கோத்த சரம். வெனிஸ்காரரின் கண்ணுக்கு இது விந்தை. தமிழ்க் கரைக்கு அது வெயிலுக்கேற்ற உடை. ஆட்ட உடை வரலாற்றில் இந்தக் குறிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. ஊசி பரவலாவதற்கு முன் ஆடுகிறவர் துணியைச் சுற்றினார், மடித்தார், முடிந்தார், கட்டினார். கட்டியதை அவிழ்த்தால் அது மீண்டும் வேட்டியாகவும் புடவையாகவும் ஆகிவிடும். ஆட்டத்துக்கென்று துணியை வெட்டி வீணாக்க வேண்டியிராத காலம் அது. மார்க்கோ போலோ வந்த காலத்தை ஒட்டி ஆண்டவன் மாறவர்மன் குலசேகர பாண்டியன். குலசேகரன்பட்டினம் அவன் பெயரால் அமைந்தது என்பர்.

தைத்த உடை ஊருக்குள் வேரூன்றியதில் ஐரோப்பியர் வருகைக்கும் பங்கு உண்டு. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். நாளடைவில் கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் புனிதர் கதைகளையும் இயேசுவின் பாடுகளின் கதையையும் நடித்துக் காட்டும் நாடகங்கள் வேர்விட்டன. வாசகப்பா என்னும் கூத்து வகை அவற்றில் ஒன்று. ரோமாபுரி அரசனுக்கும் படைவீரனுக்கும் தழையோ புலித்தோலோ உதவாது. அங்கியும் தொப்பியும் மேலங்கியும் வேண்டும். 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்ததும் அந்தத் துறைமுகம் துணி ஏற்றுமதிக்குப் பெயர் பெற்றது. முத்துக்கு நேர்ந்தது துணிக்கும் நேர்ந்தது: நல்லது கப்பலுக்குப் போயிற்று.

உள்நாட்டுப் பக்கம் சுடலைமாடன் கோயில்களில் தைத்த உடை வேறு வழியில் வளர்ந்தது. கொற்கைக்கு அருகிலுள்ள ஆறுமுகமங்கலம் உட்பட நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கோயில்களில் கொடை எனப்படும் திருவிழா அன்று சாமியாடுபவர் சல்லடம், கச்சை, குல்லாய் மூன்றும் அணிகிறார். சல்லடம் முழங்காலளவுக் காற்சட்டை. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று பல நிறத் துணிகளைப் பட்டை பட்டையாக ஒட்டித் தைத்து, ஓரத்தில் சிறுமணிகளைத் தொங்கவிடுவார்கள். கச்சை இடையிலும் மார்பிலும் குறுக்காக ஏறும். குல்லாய் கூம்பாக உயர்ந்து நிற்கும். அதில் வட்டக் கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் பதித்திருக்கும். தையலைக் கிட்டத்தில் பார்த்தால் ஒன்று புரியும். ஒரே துணியில் முழுச் சல்லடம் வெட்டுவதைவிடச் சிறு துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதே வேலை கூடுதல். இருந்தும் அந்தப் பல நிறம்தான் சாமிக்கு உரியதாக ஆயிற்று. துண்டுத்துணி முதலில் வசதிக்காக வந்து பிறகு இலக்கணமாகியிருக்கலாம். சாமியாடி குதிக்கும்போது அந்தப் பட்டைகள் தனித்தனியே சிலிர்ப்பதைப் பார்த்தவர்கள் ஒற்றை நிறத்தை ஏற்க மாட்டார்கள்.

அதே கொடையில் கணியான் கூத்தும் நடக்கும். மகுடம் என்னும் பறையை அடிக்க, அண்ணாவி கதை பாட, பெண்வேடமிட்ட ஆண்கள் இருவர் ஆடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது புடவை, ரவிக்கை, சலங்கை, கொஞ்சம் பூ. உடுத்திக் கழித்த புடவைக்கு இரண்டாவது ஆயுள் கிடைக்கும் இடங்களில் கூத்தும் ஒன்று. கோயில் காரியங்களுக்குத் துணி மாற்றுக் கொடுப்பது பல ஊர்களில் வண்ணார் பொறுப்பாக இருந்தது. பந்தலின் மேற்கட்டியும் சாமி நடந்து வரும் நடைபாவாடையும் அவர்கள் கொண்டுவந்த துணிதான். வெளுப்புக்கு வந்த வீட்டுப் புடவை ஓர் இரவுக்கு அரங்கேறித் திரும்புவதும் கூத்துலகில் தெரிந்த செய்தி. புடவையின் சொந்தக்காரிக்கு அது தெரிந்தே இருக்கும். சாமி காரியம் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேடை நாடகம் வந்தது. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடகத்துக்குப் போகும் முன் உப்பளத்தில் கணக்கெழுதியவர். அவர் எழுதிய நாடகங்களின் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வெல்வெட்டும் ஜரிகையும் சம்கியுமாக மின்னினார்கள். ஸ்பெஷல் நாடக நடிகர் தம் உடையைத் தாமே பெட்டியில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஆகவே பழுது பார்ப்பதும் அவர் பாடு: உதிர்ந்த சம்கியைத் திரும்பத் தைப்பார், கிழிந்த வெல்வெட்டின் மேல் ஜரிகைக் கரையை ஒட்டிக் கிழிசலை மறைப்பார். இதே காலத்தில் தூத்துக்குடியில் ஆலைகள் எழுந்தன. கோரல் மில் என்று அழைக்கப்பட்ட நூற்பாலையின் தொழிலாளர் 1908-ல் நடத்திய வேலைநிறுத்தம் வ.உ.சி.யின் பெயரோடு சேர்ந்தது. ஆலைத்துணி மலிந்தது, தையல் எந்திரம் தெருவுக்கு ஒன்று வந்தது, எந்திரத்தின் காலடியில் வெட்டுத்துணி குவிந்தது. தசராவில் இன்று ராஜா ராணி வேடம் கட்டுபவர்களின் தோள்பட்டைக் குஞ்சமும் மார்புப் பட்டையும் அந்த நாடக மேடையின் சாயல்.

குலசைத் தசரா இவை எல்லாவற்றையும் ஒரே கடற்கரையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. கோயிலில் ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் அருகருகே வீற்றிருக்கிறார்கள். நோய் தீர்ந்ததற்கோ குழந்தை வரம் கிடைத்ததற்கோ நேர்ந்துகொண்டவர் மாலை போட்டு விரதம் தொடங்குவார். காளி வேடக்காரருக்கு விரதம் கடுமை. 41 நாள், 48 நாள் என்று இருப்பார்கள். கொடியேற்றத்துக்குப் பிறகு கோயிலில் காப்பு வாங்கிக் கட்டிய பின்னரே வேடம் ஏறும். ஊர்தோறும் குடில் அமைத்துத் தசராக் குழுவாகக் கிளம்புகிறார்கள். தாரை தப்பட்டையோ நையாண்டி மேளமோ முன்னால் போக, வீடு வீடாக ஆடிப் பெற்ற காணிக்கையைக் கடைசியில் கோயில் உண்டியலில் சேர்க்கிறார்கள். பத்தாம் நாள் இரவு சிதம்பரேஸ்வரர் கோயில் முன் கடற்கரையில் மகிஷாசுரன் தலையை மாற்றி மாற்றி வந்து அம்மனிடம் வதம் ஆகிறான்; இதுவே சூரசம்ஹாரம்.

வேடம் காணிக்கை கேட்பதற்கான உடை என்பதை மனத்தில் கொண்டால் அதன் பொருளாதாரம் விளங்கும். கேட்டுப் பெறுகிறவர் பணக்கார உடையில் வருவது முறையாகாது என்ற எண்ணம் பழைய தலைமுறையில் இருந்தது. வேடம் கட்டியவர் கோடீஸ்வரராக இருந்தாலும் அடுத்த வீட்டு வாசலில் கையேந்தத்தான் வேண்டும். கிடைக்கும் காசு அவருடையது ஆகாது. பக்கத்து வீட்டுப் பழம்புடவையும் கடைக்காரர் கொடுத்த அட்டைப்பெட்டியும் வேடத்தில் சேர்வது ஒருவகையில் அந்தக் காணிக்கையின் முதல் தவணை.

காளியின் கிரீடத்தில் தொடங்கலாம். தலைச்சுற்றை நூலால் அளந்து அந்த அளவுக்கு அட்டையை வளைத்துத் தைக்க வேண்டும். அதன்மேல் பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்துப் பசையில் தோய்த்துப் படலம் படலமாக ஒட்டுவார்கள். பசை மைதாவாலும் ஆகும். பழைய முறையில் புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை நன்றாகப் பிடிக்கும், காய்ந்தால் பலகை போல் இறுகும். ஒவ்வொரு படலமும் வெயிலில் காய்ந்த பிறகே அடுத்தது. பொறுமை இல்லாமல் ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடித்துத் தசராவுக்கு முன்பே தொய்ந்துவிடும். கடற்காற்றின் உப்பீரமும் இந்த வேலைக்குப் பகை. காய்ந்ததும் ஓரத்தை மழித்து, தங்கநிறத் தாள் ஒட்டி, ஜிகினாவும் கண்ணாடியும் பாசிமணியும் வைக்கிறார்கள். கிரீடத்தின் உட்புறம் பழைய வேட்டியைச் சும்மாடு போல் சுற்றித் தைப்பது அவசியம். பகல் முழுக்க வெயிலில் ஆடும்போது நெற்றியை அறுக்காமல் காப்பதும் வியர்வையை உறிஞ்சுவதும் அந்த வேட்டித் துணிதான்.

சடைமுடிக்குச் சணலோ நாரோ. கறுப்புச் சாயத்தில் முக்கி, உலர்த்தி, சிக்கெடுத்து, பின்னல் துணியிலோ வலைத்துண்டிலோ வரிசையாக முடிந்து தொங்கவிட வேண்டும். பனையும் தென்னையும் மீன்வலையும் உள்ள ஊர்களில் இவற்றில் எதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. கூடுதல் கைகளுக்கு மரச்சட்டத்திலோ மூங்கில் சிம்பிலோ ஒரு கூடு செய்து முதுகில் கட்டுவார்கள். கைகள் பஞ்சடைத்த துணியாக இருந்தால் கனம் குறையும், ஆனால் ஆடும்போது துவளும். மரத்தில் செதுக்கினால் நிமிர்ந்து நிற்கும், தோளை ஒடிக்கும். பழகியவர்கள் துணிக்கைக்குள் ஒரு குச்சியைச் செருகிச் சமாளிக்கிறார்கள். பிறகு நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், தொங்கும் நாக்கு, ஒட்டியாணம், மண்டையோட்டு மாலை. உடம்பில் சிவப்புப் புடவை. அதைக் கால்சட்டை போல் பாய்ச்சிக் கட்டி, முந்தானையை முன்னால் விசிறி மடிப்பாக விடுவார்கள். நல்ல கரை இருக்கும் பழம்புடவை என்றால் கரையே ஒட்டியாணத்துக்கு மேல் அலங்காரமாகிவிடும். வேடத்தின் முத்துச்சரங்கள் பிளாஸ்டிக். உலகத்துக்கு முத்து கொடுத்த கரையின் அம்மன் வேடத்துக்குப் போலிமுத்து என்பதில் வேடிக்கை இருந்தாலும், 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு எதுவும் இங்கே நடக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காளிக்கு இத்தனை பாடு. மற்ற வேடங்கள் எளியவை. கரடிக்குக் கறுத்த சணலும் ஒரு முகமூடியும் போதும். பிச்சைக்காரர், பைத்தியம் ஆகிய வேடங்களுக்குக் கந்தலே உடை. கையில் காசில்லாதவர் எடுக்கும் வேடங்கள் இவை என்று நினைப்பது தவறு. வசதியானவர்களும் அகந்தை அடங்க வேண்டும் என்று பிச்சைக்காரர் வேடத்தையே நேர்ந்துகொள்வதுண்டு. குறவன் குறத்தி வேடத்தின் கதை வேறு. துண்டுத்துணிப் பாவாடையும் பாசிமணியும் ஒரு சமூகத்தின் அடையாளமாகக் கேலிக்குள்ளாயின. ஆட்டம் கொச்சையாகப் போயிற்று. குறவர் சமூகத்தினர் நீண்ட காலம் எதிர்த்ததன் பேரில் 2023-ல் தமிழ்நாடு அரசு குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை விதித்தது. மலிவான வேடம் எல்லாம் அப்பாவி வேடம் ஆகிவிடாது.

கடந்த சில பத்தாண்டுகளில் வேடப்பொருள் ஒரு வியாபாரமாக வளர்ந்துவிட்டது. உடன்குடி, குலசை, திருச்செந்தூர்க் கடைகளில் புரட்டாசி பிறந்தாலே கிரீடங்களும் சடைமுடிகளும் சூலங்களும் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. ஃபைபர் கிரீடம் மழைக்கு நனையாது, பல ஆண்டு வரும். மின்விளக்கு பதித்தவைகூட உண்டு. வெளியூரில் வேலை பார்த்து விழாவுக்காக ஊர் திரும்புகிறவருக்கு மாதக்கணக்கில் அட்டை ஒட்ட நேரமில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அந்தக் கடைகளின் பின்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்து கையால்தான் ஒட்டுகிறார்கள், கோக்கிறார்கள். சுற்றுவட்டாரத் தையல்காரர்களுக்குத் தீபாவளிக்கு முன் வரும் முதல் பெரிய பருவம் இதுவே. மாறியது செய்கை என்பதைவிட, செய்பவருக்கும் கட்டுபவருக்கும் இடையில் விலை வந்து நின்றது எனலாம். குழந்தைகளின் வேடங்கள் மட்டும் பெரும்பாலும் இன்னும் வீட்டில்தான்: அடுத்த ஆண்டு அளவு மாறிவிடும் உடைக்குக் கடையில் காசு கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கொரோனாக் கட்டுப்பாட்டால் கடற்கரைச் சூரசம்ஹாரம் நடக்கவில்லை. கோயில் வளாகத்திலேயே பக்தர்கள் இல்லாமல் சடங்கை முடித்தார்கள். வேடம் கட்ட நேர்ந்தவர்கள் தங்கள் ஊரிலேயே காப்புக் கட்டி விரதத்தை நிறைவேற்றினார்கள்.

கூட்டம் லட்சக்கணக்கில் திரளும் விழா என்பதால் காவல்துறை ஆண்டுதோறும் விதிகளை அறிவிக்கிறது. சாதி அடையாளம் காட்டும் கொடியும் உடையும் கூடாது. இரும்பிலும் பிற உலோகத்திலும் செய்த வேல், வாள், சூலம் எதுவும் கொண்டுவரக் கூடாது. இந்த இரண்டாவது விதியால் ஆயுதம் மட்டும் திரும்பவும் அட்டைக்கும் மரத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஃபைபர் கிரீடம் வைத்த காளியும் அட்டைப்பெட்டியை வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய சூலத்தைப் பிடிக்கிறாள். சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் காப்புக் களைந்ததும் கிரீடமும் சடைமுடியும் மூட்டையாகக் கட்டப்பட்டு வீட்டுப் பரணுக்குப் போகும். நேர்ச்சை முடிந்தவர்கள் அவற்றை அடுத்து நேர்ந்திருக்கும் பங்காளிக்கோ மச்சானுக்கோ கொடுத்துவிடுவார்கள்; தலையளவு பொருந்தவில்லை என்றால் உள்ளே இருக்கும் வேட்டிச் சும்மாட்டில் ஒரு சுற்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ போதும்.